ஜெம்மில் திரை வெள்ளையா, கறுப்பா? ஷேடர் டெக்ஸ்சர், ஃபிரேம்பஃபர் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

ப்யூர் டேட்டாவில் (பெட்டிகளை இணைத்து நிரல் எழுதும் கருவி) அதன் வரைகலை நூலகமான ஜெம் வைத்து நேரலை வீடியோ ஓட்டுபவர்களுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் ஷேடர் (கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் சின்ன நிரல்) எழுதாமல் முடியாது. பிக்ஸ்_ என்று தொடங்கும் ஆப்ஜெக்ட்களில் பெரும்பாலானவை சிபியூவில் ஓடுகின்றன, கேமரா படத்துக்கு மேல் மூன்று நான்கு எஃபெக்ட் அடுக்கினாலே லேப்டாப் திணற ஆரம்பித்துவிடும். சரி என்று ஜிபியூ, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு, பக்கம் போனால் அங்கே வேறு தொல்லை: பேட்ச் பார்க்க ஒழுங்காக இருக்கும், கன்சோலில் ஒரு பிழை வரி கூட இருக்காது, திரையில் மட்டும் வெள்ளையாக ஒரு செவ்வகம் நிற்கும்.

இந்த நேரத்தில் எல்லோரும் செய்வது ஷேடர் கோடைத் திறந்து அங்கே இங்கே எண்களை மாற்றிப் பார்ப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள். கோளாறு ஷேடர் கணக்கில் இருப்பது குறைவு, ஷேடருக்கு டெக்ஸ்சர் (கார்டில் வைக்கப்படும் படம்) வந்து சேரும் வழியில்தான் பெரும்பாலும் இருக்கும். எந்த யூனிட் (டெக்ஸ்சரைச் செருகும் எண்ணிட்ட இடம்), எந்த வகை, என்ன அளவு, எந்த வரிசை, இந்த நான்கில் ஒன்று. அது எது என்பதைப் பல நேரம் திரையில் தெரியும் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

பேட்ச், இன்லெட், அவுட்லெட், ஜெம்ஹெட் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: கார்டையும் பதிப்பையும் பாருங்கள்

ஜெம்வின்னுக்கு பிரின்ட் என்ற செய்தியை அனுப்புங்கள். கன்சோலில் ஓப்பன்ஜிஎல் விவரங்கள் வரும், ரெண்டரர் என்ற இடத்தில் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் பெயர் இருக்க வேண்டும். லினக்ஸில் அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கார்டு வேலையே செய்யவில்லை, எல்லாம் சிபியூவில் ஓடுகிறது என்று அர்த்தம். டிரைவரைச் சரி செய்யாமல் மேலே போவதில் பயனில்லை.

ஜெம் பழைய ஓப்பன்ஜிஎல் பாணியில் வரையும் கருவி. அதற்குப் பொருந்துவது ஷேடர் மொழியான ஜிஎல்எஸ்எல்லின் 1.20 பதிப்பு. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் ஷேடரின் முதல் வரியில் பதிப்பு 330 என்று இருந்தால், ஜெம் கொடுக்கும் டெக்ஸ்சர் ஆயங்கள் (படத்தில் எந்தப் புள்ளி என்று சொல்லும் எண்கள்), மேட்ரிக்ஸ் எதுவும் அதற்குள் தானாகப் போய்ச் சேராது. மேக்கில் இந்தப் பழைய பாணிக்கு ஓப்பன்ஜிஎல் 2.1, அதோடு 1.20, அவ்வளவுதான் கிடைக்கும். ஷேடர்களைப் பகிரும் ஷேடர்டாய் தளத்திலிருந்து எடுத்தால் மெயின்இமேஜ் ஃபங்ஷனை சாதாரண மெயினாக மாற்ற வேண்டும், ஐரெசல்யூஷன், ஐடைம் போன்றவற்றை நீங்களே யூனிஃபார்மாக (வெளியிலிருந்து ஷேடருக்குப் போகும் மதிப்பு) அறிவித்து அனுப்ப வேண்டும். இன்னொன்று, என்விடியா டிரைவர் சின்னச் சின்ன இலக்கணப் பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், திறந்த மூல மெசா டிரைவர் விடாது. உங்கள் கணினியில் ஓடிய ஷேடர் நண்பரின் கணினியில் ஓடாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஷேடரைக் கம்பைல் செய்ய ஜெம் ஜன்னல் திறந்து ரெண்டரிங் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஜன்னல் திறப்பதற்கு முன்பே திற என்று செய்தி அனுப்பினால், ரெண்டரிங் தொடங்கியதும் ஏற்றிக்கொள்கிறேன் என்ற பொருளில் கன்சோலில் ஒரு வரி வரும். அது பிழை இல்லை, பயப்பட வேண்டாம்.

படி 2: ஒரு சோதனைப் படம் செய்துகொள்ளுங்கள்

கேமராவை வைத்துக் கோளாறு தேடாதீர்கள். அது கொடுக்கும் படம் எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்கே துல்லியமாகத் தெரியாது. 640க்கு 480 அளவில் ஒரு படம் வரையுங்கள்: மூலைக்கு ஒன்றாகச் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், நடுவில் பெரிதாக 'ஞ' மாதிரி ஓர் எழுத்து. தலைகீழானாலும், இடவலம் மாறினாலும், சிவப்பும் நீலமும் இடம் மாறினாலும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

512க்கு 512 என்று சதுரமாக மட்டும் செய்யாதீர்கள். இரண்டின் அடுக்காக இருக்கும் சதுரப் படத்தில் பாதிக் கோளாறுகள் வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளும், அப்புறம் நிகழ்ச்சி அன்று கேமராவைச் செருகியதும் வெளியே வரும்.

படி 3: திரையின் நிறத்தைப் படியுங்கள்

வெள்ளைச் செவ்வகம். டெக்ஸ்சர் வந்து ஒட்டவில்லை, ஷேடரும் இயங்கவில்லை, வெறும் வடிவம் மட்டும் வரையப்படுகிறது. படத்துக்கும் ரெக்டாங்கிளுக்கும் நடுவில் பிக்ஸ்_டெக்ஸ்சர் இருக்கிறதா, படம் உண்மையில் திறந்ததா, ஜிஎல்எஸ்எல்_புரோகிராம் லிங்க் ஆனதா என்று பாருங்கள்.

லிங்க் விஷயத்தில் ப்யூர் டேட்டாவுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. வெர்ட்டெக்ஸ் (மூலைகளைக் கணக்கிடும் ஷேடர்), ஃபிராக்மென்ட் (பிக்சல் நிறத்தைக் கணக்கிடும் ஷேடர்) இரண்டின் வலது அவுட்லெட்டிலிருந்து வரும் ஐடிகளை பேக் ஆப்ஜெக்டில் சேர்த்து, ஷேடர், லிங்க் என்ற செய்திகளாக ஜிஎல்எஸ்எல்_புரோகிராமுக்கு அனுப்புவோம். பேக் தன் இடது இன்லெட்டுக்கு ஏதாவது வந்தால்தான் வெளியே தள்ளும். ஃபிராக்மென்ட் ஐடி வலதில் இணைந்திருந்தால், நீங்கள் ஃபிராக்மென்ட் கோப்பை மட்டும் திருத்தி மறுபடி திறக்கும்போது புதிய ஐடி வலதில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொள்ளும், பழைய ஷேடரே ஓடிக்கொண்டிருக்கும். வலதுக்கு முன் டிரிகர் பி எஃப் ஒன்றைப் போட்டு, அதன் பேங்கை பேக்கின் இடது இன்லெட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

முழுக் கறுப்பு. ஷேடர் ஓடுகிறது, ஆனால் அது வாசிக்கும் இடத்தில் சரியான டெக்ஸ்சர் இல்லை. ஒன்று யூனிட் எண் தப்பு, இல்லையென்றால் டெக்ஸ்சரின் வகையும் சாம்ப்ளரின் (ஷேடரில் டெக்ஸ்சரை வாசிக்கும் மாறி) வகையும் பொருந்தவில்லை. ஓப்பன்ஜிஎல் இதைப் பிழை என்று சொல்லாது, பேசாமல் கறுப்பைக் கொடுத்துவிடும்.

முழுக்க ஒரே நிறம், அதுவும் உங்கள் சோதனைப் படத்தின் ஏதோ ஒரு மூலையின் நிறம். இது ஆயக் கோளாறு. டெக்ஸ்சர் சரியாக வந்துவிட்டது, நீங்கள் அதன் ஒரே ஒரு பிக்சலை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறீர்கள். படி 4-இல் இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

படம் ஒரு மூலையில் சுருங்கி, மீதி கறுப்பு. அளவு நிரப்பப்பட்ட டெக்ஸ்சர். இதுவும் படி 4.

எதுவுமே இல்லை, செவ்வகம் கூட இல்லை. வடிவம் கேமராவின் பார்வைக்கு வெளியே இருக்கிறது, அல்லது ஆல்ஃபா பூஜ்யமாக இருக்கிறது.

எது என்று இன்னும் புரியவில்லையென்றால் ஃபிராக்மென்ட் ஷேடரின் கடைசி வரியில் நேரடியாகச் சிவப்பை எழுதுங்கள்: 1, 0, 0, 1. சிவப்பு வந்தால் ஷேடர் ஓடுகிறது. அடுத்து டெக்ஸ்சர் ஆயத்தின் எக்ஸைச் சிவப்பாகவும், ஒய்யைப் பச்சையாகவும் எழுதுங்கள். இடமிருந்து வலமாகச் சிவப்பும் கீழிருந்து மேலாகப் பச்சையும் சீராக ஏறினால் ஆயம் 0 முதல் 1 வரை போகிறது. கிட்டத்தட்ட முழுக்க மஞ்சளாக வந்தால் ஆயம் 1-ஐத் தாண்டி நூற்றுக்கணக்கில் போகிறது, அதாவது பிக்சல் கணக்கில் வருகிறது. இந்த ஒரு சோதனை பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும், கன்சோலில் எண்களை அச்சிட முடியாத ஜிபியூவில் நிறம்தான் நமக்கு இருக்கும் ஒரே பிரின்ட்.

படி 4: ரெக்டாங்கிளா, 2டியா?

ஜெம்மில் வரும் ஷேடர் தொல்லைகளில் பெரிய பங்கு இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

டெக்ஸ்சர் இரண்டு வகை. சாதாரண 2டி டெக்ஸ்சரில் ஆயம் 0 முதல் 1 வரை, ஷேடரில் சாம்ப்ளர்2டி. ரெக்டாங்கிள் டெக்ஸ்சரில் ஆயம் பிக்சலிலேயே போகும், 640க்கு 480 படம் என்றால் 0 முதல் 640, 0 முதல் 480. ஷேடரில் சாம்ப்ளர்2டிரெக்ட், வாசிப்பதற்கும் டெக்ஸ்சர்2டிரெக்ட் என்ற தனி ஃபங்ஷன். 1.20-இல் இதற்கு ஏஆர்பி டெக்ஸ்சர் ரெக்டாங்கிள் எக்ஸ்டென்ஷனை மேலே ஒரு வரியில் இயக்கிவிட வேண்டும், கண்டிப்பான டிரைவர்கள் அந்த வரி இல்லாமல் கம்பைலே செய்யாது. ரெக்டாங்கிளில் மிப்மேப் (முன்பே சுருக்கி வைத்த சிறு படிகள்) கிடையாது, ரிபீட்டும் (ஓரத்தைத் தாண்டினால் படம் திரும்பத் தொடங்குவது) கிடையாது.

இப்போது இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ரெக்டாங்கிள் டெக்ஸ்சரை 0 முதல் 1 வரையான ஆயத்தில் வாசித்தால், அந்த முழு வீச்சும் முதல் பிக்சலுக்குள்ளேயே முடிந்துவிடும். திரை முழுக்க மூலை நிறம். வகையே மாறி, 2டி டெக்ஸ்சர் இருக்கும் யூனிட்டை சாம்ப்ளர்2டிரெக்ட் வைத்து வாசித்தால் கறுப்பு.

ஜெம்மில் டெக்ஸ்சரை உருவாக்க அதிகம் பயன்படும் ஆப்ஜெக்ட்கள் இரண்டு, பிக்ஸ்_டெக்ஸ்சரும் ஜெம்ஃபிரேம்பஃபரும். இரண்டும் ரெக்டாங்கிள் 0 அல்லது ரெக்டாங்கிள் 1 என்ற செய்தியை ஏற்கும். கேமரா ரெக்டாங்கிளாகவும், ஃபிரேம்பஃபர் 2டியாகவும் ஒரே ஷேடருக்குள் வந்து சேர்வது சர்வ சாதாரணம். ஆகவே இயல்பில் எது இருக்கும் என்று நம்பி விட்டுவிடாமல், லோட்பேங்கிலிருந்து இரண்டுக்கும் வெளிப்படையாகச் செய்தி அனுப்பிவிடுங்கள்.

என் தேர்வு: புதிதாக எழுதும் பேட்சில் எல்லாவற்றையும் ரெக்டாங்கிள் 0-இல் வைப்பது. வெளியிலிருந்து எடுக்கும் ஷேடர்களில் பெரும்பாலானவை 0 முதல் 1 வரைதான் எதிர்பார்க்கின்றன. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இரண்டின் அடுக்கில் இல்லாத படம் வரும்போது அதை 2டி டெக்ஸ்சரில் அடக்க ஜெம் அடுத்த பெரிய அளவை எடுத்துக்கொள்ளலாம்: 640க்கு 480 படம் 1024க்கு 512 டெக்ஸ்சரின் ஒரு மூலையில் உட்காரும். அப்போது படத்தின் வலது ஓரம் 1-இல் இல்லை, 640-ஐ 1024-ஆல் வகுத்து வரும் 0.625-இல் இருக்கிறது, மேல் ஓரம் 0.9375-இல். ரெக்டாங்கிள் ஆப்ஜெக்ட் இந்த எண்களைத் தானாகப் போட்டுக்கொள்ளும், அதனால் ஷேடர் இல்லாதவரை எதுவும் தெரியாது. ஷேடரில் நீங்களே 0 முதல் 1 வரை கணக்குப் போட்டால்தான் படம் மூலையில் சுருங்கி நிற்கும். வெர்ட்டெக்ஸ் ஷேடரில் ஜெம் தரும் ஆயத்தை டெக்ஸ்சர் மேட்ரிக்ஸால் பெருக்கி அனுப்பி, ஃபிராக்மென்டில் அதையே பயன்படுத்துங்கள், எண்களைக் கையால் எழுதாதீர்கள்.

படி 5: யூனிட்டும் யூனிஃபார்மும்

ஒரு ஷேடருக்கு இரண்டு டெக்ஸ்சர் வேண்டுமென்றால் ஒரே சங்கிலியில் பிக்ஸ்_இமேஜ், பிக்ஸ்_டெக்ஸ்சர், மறுபடி பிக்ஸ்_இமேஜ், பிக்ஸ்_டெக்ஸ்சர், அப்புறம் ஜிஎல்எஸ்எல்_புரோகிராம், கடைசியில் வடிவம். முதல் பிக்ஸ்_டெக்ஸ்சருக்கு டெக்ஸ்யூனிட் 0, இரண்டாவதுக்கு டெக்ஸ்யூனிட் 1 என்று செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இரண்டும் ஒரே யூனிட்டில் ஏறி, பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும்.

அந்த எண்ணையே ஷேடருக்கும் சொல்ல வேண்டும். ஷேடரில் சாம்ப்ளரின் பெயர் படம்1 என்றால் ஜிஎல்எஸ்எல்_புரோகிராமுக்கு 'படம்1 1' என்று செய்தி போக வேண்டும் (உண்மையான கோடில் பெயரை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும்). சாம்ப்ளரில் எழுதும் எண் டெக்ஸ்சர் ஐடி இல்லை, யூனிட் எண். இதை மாற்றி எழுதுபவர்கள் ஏராளம். இந்தச் செய்தி லிங்க் ஆன பிறகுதான் போக வேண்டும், ஒவ்வொரு முறை லிங்க் ஆகும்போதும் மறுபடி போக வேண்டும்.

ஜிஎல்எஸ்எல்_புரோகிராமுக்கு பிரின்ட் அனுப்பினால் எந்தெந்த யூனிஃபார்ம் உயிரோடு இருக்கிறது என்று பட்டியல் வரும். நீங்கள் அறிவித்த பெயர் அதில் இல்லையென்றால் எழுத்துப் பிழை என்று அவசரப்படாதீர்கள். வெளியீட்டை எந்த வகையிலும் பாதிக்காத யூனிஃபார்மை கம்பைலர் தூக்கிப் போட்டுவிடும். சோதனைக்காகக் கடைசி வரியில் சிவப்பை எழுதியிருந்தால் எல்லாமே காணாமல் போகும், அது சரியான நடத்தைதான்.

இரண்டு டெக்ஸ்சரும் வேறு வேறு அளவு, இரண்டும் ரெக்டாங்கிள் என்றால், வடிவத்திலிருந்து வரும் ஒரே ஆயம் இரண்டுக்கும் பொருந்தாது. அளவுகளை யூனிஃபார்மாக அனுப்பி, ஆயத்தை முதல் அளவால் வகுத்து இரண்டாவது அளவால் பெருக்குங்கள்.

படி 6: ஃபிரேம்பஃபர்

ஃபிரேம்பஃபர் என்பது திரைக்குப் பதில் ஒரு டெக்ஸ்சரில் வரைய உதவும் இடம். முதலில் அது இல்லாமல் ஷேடரை நேரே ஜன்னலில் ஓட்டிப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால்தான் இங்கே வர வேண்டும்.

ஜெம்ஃபிரேம்பஃபருக்கு டைமென் செய்தி அனுப்பாவிட்டால் அது 256க்கு 256 அளவில்தான் இருக்கும். படம் மங்கலாகத் தெரிகிறது என்ற புகார்களில் பாதிக்கு இதுவே பதில்.

அடுத்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்ற புகார். ஜன்னலின் கேமரா இயல்பாகவே 4 அலகு பின்னால் நிற்கும், ஃபிரேம்பஃபருக்குள் அது கிடையாது. அதன் பார்வை 1 அலகு தூரத்தில்தான் தொடங்கும், உங்கள் செவ்வகமோ 0-இல் இருக்கிறது. ஆகவே ஜெம்ஃபிரேம்பஃபருக்குக் கீழே டிரான்ஸ்லேட்எக்ஸ்ஒய்இசட் 0 0 -4 போட்டு, அதன் கீழே ரெக்டாங்கிள் 4 4 வையுங்கள், பஃபர் முழுதும் நிரம்பும். பஃபர் 640க்கு 480 என்றாலும் 4 4 தான், 4 3 இல்லை, ஏனென்றால் உள்ளே இருக்கும் பார்வை சதுரமானது. வெளியே ஜன்னலில் வரையும்போது 4 3 போட்டால் விகிதம் மீண்டுவிடும். 4 3-ஐ உள்ளேயும் போட்டுவிட்டு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

வரிசை. ஜெம்ஹெட்டின் எண் சிறியதாக இருந்தால் முதலில் வரையும், எண் கொடுக்காவிட்டால் 50. பஃபருக்குள் வரையும் சங்கிலிக்கு ஜெம்ஹெட் 10, அதைத் திரையில் காட்டும் சங்கிலிக்கு ஜெம்ஹெட் 60 என்று எழுதிவிடுங்கள். எண் கொடுக்காமல் விட்டால் எது முதலில் ஓடும் என்பது பேட்சில் எதை முன்னால் உருவாக்கினீர்கள் என்பதைப் பொறுத்துப் போய்விடும்.

ஜெம்ஃபிரேம்பஃபரின் வலது அவுட்லெட்டை, காட்டும் சங்கிலியிலுள்ள பிக்ஸ்_டெக்ஸ்சரின் வலது இன்லெட்டில் நேராக இணையுங்கள். வருவது ஒற்றை எண் இல்லை, ஐடியோடு அகலம், உயரம், வகை எல்லாம் சேர்ந்த பட்டியல். என்ன வருகிறது என்று பார்க்க நடுவில் ஒரு நம்பர் பாக்ஸைச் செருகினால் முதல் எண் மட்டும் கடந்து போகும், மற்ற விவரம் தொலைந்து ஆயம் கெட்டுவிடும். பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு பிரின்ட் போட்டுப் பாருங்கள்.

சோதனைப் படத்தின் 'ஞ' தலைகீழாக நின்றால்: படக் கோப்புகள் மேலிருந்து எண்ணுகின்றன, ஓப்பன்ஜிஎல் கீழிருந்து எண்ணுகிறது. பிக்ஸ்_டெக்ஸ்சர் தன் வழியாகப் போகும் படத்துக்கு இதைச் சமாளித்துவிடும், ஷேடரில் நீங்களே கட்டிய ஆயத்துக்குச் சமாளிக்காது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் திருப்புங்கள்.

படி 7: ஃபீட்பேக்

ஃபீட்பேக் என்றால் முந்தைய ஃபிரேமின் படத்தை அடுத்த ஃபிரேமுக்குள் மறுபடி ஊட்டுவது. அதில் வாசிக்கும் டெக்ஸ்சரிலேயே எழுதக் கூடாது. சில கார்டுகளில் ஓடுவது போலத் தெரியும், விளைவுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, கட்டம் கட்டமாகக் குப்பை வரும். அ, ஆ என்று இரண்டு ஃபிரேம்பஃபர் வையுங்கள். முதல் சங்கிலி ஆ-வின் பழைய படத்தையும் கேமராவையும் கலந்து அ-வில் எழுதட்டும், இரண்டாவது சங்கிலி அ-வை ஆ-வுக்கு நகலெடுக்கட்டும், மூன்றாவது திரையில் காட்டட்டும்.

இதில் வரும் மூன்று கோளாறுகளை அடிக்கடி பார்க்கலாம். ஒன்று, மறைய வேண்டிய தடம் மறையாமல் சாம்பல் நிறமாகத் தங்கிவிடுவது. ஒவ்வொரு ஃபிரேமும் 0.99-ஆல் பெருக்கினால் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்று நினைப்போம். 8 பிட் பஃபரில் போகாது: 40-ஐ 0.99-ஆல் பெருக்கினால் 39.6, அது முழு எண்ணாகும்போது மறுபடி 40. கிட்டத்தட்ட 50-க்குக் கீழே எல்லாமே உறைந்துவிடும். பஃபருக்கு டைப் ஃப்ளோட் (தசம எண்களைச் சேமிக்கும் வகை) அனுப்புங்கள், அல்லது பெருக்குவதோடு 255-இல் ஒரு பங்கைக் கழித்தும் விடுங்கள்.

இரண்டு, ஃப்ளோட் பஃபருக்கு மாறியதும் எங்கிருந்தோ ஒரு கறுப்புப் புள்ளி தோன்றி மெல்லப் பரவி திரையை விழுங்குவது. அது எண்ணே அல்லாத எண், அதாவது NaN. பூஜ்யத்தால் வகுத்தாலோ, குறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தாலோ பிறக்கும், அதோடு எதைக் கூட்டினாலும் அதுவாகவே மாறும், ப்ளர் இருந்தால் பக்கத்துப் பிக்சல்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். வகுக்கும் எண்ணுக்கு ஒரு கீழ் வரம்பு வையுங்கள், பவருக்குள் போவதை மேக்ஸ் போட்டு பூஜ்யத்துக்கு மேலே நிறுத்துங்கள். பஃபரைக் கறுப்பாகத் துடைக்கும் ஒரு பொத்தானையும் பேட்சில் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், மேடையில் அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் பாடுதான்.

மூன்று, அசையாமல் நிற்க வேண்டிய படம் ஏதாவது ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே மங்குவது. பிக்சலின் மையம் 0.5-இல் இருக்கிறது. அரைப் பிக்சல் தவறினாலும் ஒவ்வொரு நகலிலும் அது கூடிக்கொண்டே போகும். டெக்ஸ்சருக்கு குவாலிட்டி 0 அனுப்பி, பஃபர்களை ஒரே அளவில் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கேம் ஆஃப் லைஃப் போல டெக்ஸ்சரைத் தரவாக வாசிக்கும் ஷேடர்களுக்கும் குவாலிட்டி 0 தான்.

படி 8: மீதமுள்ள சில்லறைகள்

சங்கிலியில் ஆல்ஃபா ஆப்ஜெக்ட் இருந்து, ஷேடர் நான்காவது எண்ணாக 0 எழுதினால் படம் மாயமாகிவிடும், 1.0 எழுதுங்கள். ஒரே தளத்தில் இரண்டு செவ்வகம் வரைந்து இரண்டாவது தெரியவில்லையென்றால் அதற்கு முன் டெப்த் ஆப்ஜெக்ட் போட்டு ஆழச் சோதனையை அணைத்துவிடுங்கள். ஒரு ஜெம்ஹெட்டிலிருந்து இரண்டு கிளை பிரிந்து, ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் ஒட்டிக்கொண்டால் கிளைக்கு ஒரு செபரேட்டர். நிறம் விசித்திரமாக இருந்தால் பிக்ஸ்_வீடியோவுக்கு அடுத்து பிக்ஸ்_ஆர்ஜிபிஏ.

படி 9: எல்லாம் சரி, ஆனால் திணறுகிறது

ஜெம்மின் இயல்பான வேகம் நொடிக்கு 20 ஃபிரேம். ஜெம்வின்னுக்கு ஃபிரேம் 60 அனுப்பாமல் ஷேடரைக் குறை சொல்லாதீர்கள்.

1920க்கு 1080 படம் நான்கு சேனலில் ஏறக்குறைய 8.3 எம்பி. நொடிக்கு 60 முறை கார்டுக்கு ஏற்றினால் கிட்டத்தட்ட 500 எம்பி. அதே பஃபரை 32 பிட் ஃப்ளோட்டாக வைத்தால் ஒரு படத்துக்கே 33 எம்பி. ஃபீட்பேக் பஃபருக்கு மட்டும் ஃப்ளோட் போதும். ப்ளரை 960க்கு 540 பஃபரில் ஓட்டுங்கள், பிக்சல் எண்ணிக்கை கால் பங்காகிவிடும், மங்கிய படத்தில் வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

கார்டில் இருக்கும் படத்தை பிக்ஸ்_ஸ்னாப் போட்டுத் திரும்பச் சிபியூவுக்கு இழுக்காதீர்கள். அதுவரை வரைய வேண்டியதை எல்லாம் கார்டு முடிக்கும்வரை மொத்தப் பேட்சும் காத்து நிற்கும். திரையிலிருந்து டெக்ஸ்சர்தான் வேண்டுமென்றால் பிக்ஸ்_ஸ்னாப்2டெக்ஸ் இருக்கிறது, அது கார்டை விட்டு வெளியே வராது.

இவ்வளவுக்குப் பிறகும் படம் சீராக ஓட, ஒலியில் மட்டும் படபடவென்று சத்தம் வந்தால் காரணம் ஷேடர் இல்லை. ஜெம்மும் ஒலியும் ப்யூர் டேட்டாவின் ஒரே ஓட்டத்தில் போகின்றன, ஜன்னல் திரைப் புதுப்பிப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஒலிக் கணக்கும் நின்றுவிடும். ப்யூர் டேட்டாவை இரண்டு முறை திறந்து, ஒன்றில் ஒலி, மற்றதில் ஜெம் என்று பிரித்து, நெட்செண்ட், நெட்ரிசீவ் வழியாக எண்களை மட்டும் அனுப்புங்கள்.